விமானப் பயன்முறை

இரவு இரண்டு மணிக்கு
அது என்னைக் கேட்டதாம்.
தூக்கத்தில் ஒரு விரல் போய்
'ஒப்புக்கொள்கிறேன்' என்று தொட்டதாம்.
என் விரல்தான். மறுக்கவில்லை.

காலையில் கைப்பேசி புதுசாய்ச் சிரித்தது.
கடிகார எழுத்து தடித்திருந்தது.
படங்களுக்கெல்லாம் ஓரம் வளைத்திருந்தார்கள்.
அமைப்புகளுக்குள் போனேன்,
வலையமைப்பு, அதற்குள் இன்னொரு கதவு,
நாலு வருசமாய் 'நாலு ஜி மட்டும்' என்று
நான் பூட்டி வைத்திருந்த இடம்.
வரி இருந்தது.
சாம்பல் நிறத்தில் இருந்தது.
இதை உங்கள் சேவை நிறுவனம் நிர்வகிக்கிறது.

பாடாங் செராய்க்கு அஞ்சு ஜி வந்துவிட்டது,
பெரிய சாலையில் பலகை வைத்திருக்கிறார்கள்.
பலகை வரைக்கும் வந்திருக்கிறது.
(எங்கள் தோட்டம் மூன்று முறை கை மாறியதையும்
பலகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.)
செம்பனைக்குப் பின்னால், ஆலைக்குள்,
என் எடைமேடை அறைக்கு வரும்போது
ஒற்றைக் கோடாய் இளைத்து
மூச்சு வாங்கி
விழுந்துவிடும்.
பக்கத்திலேயே பழைய கோபுரம்
நாலு கோடும் நிறைய நிற்கும்.
என் கைப்பேசி அதைத் திரும்பிப் பார்க்காது.
அதற்குப் புதுசுதான் வேண்டும்.

யோகநாதன் உட்லண்ட்ஸ் தாண்டி பஸ் ஓட்டுகிறான்.
பிற்பகலில் அவனுக்குப் பதினொரு நிமிடம்,
மூன்று ஐம்பதிலிருந்து நான்கு ஒன்று வரை.
அதில் ஒண்ணுக்குப் போகணும், தே ஓ குடிக்கணும்,
மிச்சத்தில் நான்.
அந்த மிச்சத்துக்காகத்தான் பூட்டியிருந்தேன்.

இப்போது அவன் பேச்சு இப்படி வருகிறது:
பிள்ளைக்கு… கட்டியாச்சா… நீ ஏன்…
நான் ஏன்?
நான் ஏன் என்ன?
லைன் போய்விட்டது.
அன்றிரவு முழுக்க அந்த 'நீ ஏன்'
காத்தாடியோடு சேர்ந்து சுற்றியது.

கியோங் கடையில் பதினைந்து வெள்ளி.
நட்சத்திரம், கட்டம், நடுவில் எண்களாய்
ஏதோ அமுக்கிப் பார்த்தான், ரகசிய வாசல் என்றான்.
போன மாசம் வரைக்கும் திறந்ததாம்.
"தாக் போலே லா அக்கா, அவங்க மூடிட்டாங்க."
பதினைந்து வெள்ளியைத் திருப்பித் தந்தான்.
அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

எனக்கென்று விட்டு வைத்திருப்பது ஒரே பொத்தான்,
விமானப் பயன்முறை.
போட்டு, பத்து எண்ணி, எடுத்தால்
சில நேரம் குழம்பிப்போய்ப்
பழைய கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.
பட்டர்வொர்த் ஃபெரிக்கு மேல் எதிலும் ஏறாதவள்
ஒரு நாளைக்கு நாற்பது முறை பறக்கிறேன்,
நாற்பது முறை இறங்குகிறேன்,
அதே நாற்காலியில்.

நேற்று மூன்று நாற்பத்தெட்டு.
காத்தையாவின் லோரி எடைமேடையில் நிற்கிறது.
எட்டு டன் இருநூறு. கழிவு மூன்று விழுக்காடு.
இருக்கையிலிருந்தே கை நீட்டி
என் சன்னலைத் தட்டுகிறார்.
"நல்லாப் பழுத்த குலைம்மா, ஏன் மூணு?"
முன்பெல்லாம் ஒன்றாக்கிக் கொடுப்பேன்,
குலையைப் பார்த்து,
சில நாள் காத்தையாவின் முகத்தைப் பார்த்து.
சித்திரைக்குப் பிறகு அந்தக் கட்டம் திறப்பதில்லை.
"என் கையில இல்லண்ணே, சிஸ்டம்" என்றேன்.
மேசைக்கடியில் என் பெருவிரல்
விமானத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

"சிஸ்டத்துக்கு யாரும்மா முதலாளி?
பேர் சொல்லு. நான் போய்ப் பேசுறேன்."

பேர் தேடினேன். நிஜமாகவே தேடினேன்.
ஏழு, எட்டு,
ஒன்பது,
பத்து.
எடுத்தேன்.

நாலு கோடு.
உடனே மணி அடித்தது.

காத்தையா என் முகத்தைப் பார்த்தார்,
மேசைக்கடியைப் பார்த்தார்,
சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார்.
பின்னால் ஐந்து லோரி ஹாரன் அடித்தது.

"நீ ஏன்" என்று ஆரம்பித்தான் யோகநாதன்.